காலை ஆட்டுகிற வேலை

போன மாதக் கடைசி வேலை நாளில் என்னை வழியனுப்பி வைத்தார்கள். ஒரு ரோஜா மாலை, ஒரு தட்டு மிக்சர், ஒரு சாய்வு நாற்காலி. நாற்காலிக்குப் பச்சைக் கோடு போட்ட துணி. அதைத் தூக்கி வந்து என் முன்னால் விரித்துவிட்டு, இளநிலை எழுத்தர் குணசேகரன் பேசினான்.

"ஐயா முப்பத்தஞ்சு வருஷமா ஓடியாச்சு. இனிமே ஓட வேணாம். இதுல சாஞ்சுக்கிட்டு, நல்லா காலாட்டிக்கிட்டு சாப்பிடுங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். நான் சிரிக்கவில்லை. அதைக் கவனித்தது டைப்பிஸ்ட் சரோஜா ஒருத்திதான்.

பேச்சு 'காலாட்டிக்கிட்டு' என்ற அந்தச் சொல்லின் மேல் திரும்பிற்று. ஊஞ்சலில் உட்கார்ந்து தரையைக் காலால் தள்ளித் தள்ளி ஆடுகிறவர்களைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்ல ஆரம்பித்திருப்பார்கள் என்றாள் சரோஜா. "எங்க பெரியப்பா வீட்டுல ஊஞ்சல் இருக்கு. அவரு எறங்கி நான் பாத்ததே இல்ல."

"ஒங்க பெரியப்பா எறங்கினாத்தான் ஊஞ்சலுக்கு ஓய்வு" என்றான் குணசேகரன். "அதெல்லாம் இல்ல, இது ஜமீன்தாருங்க காலத்துப் பேச்சு. கட்டில்ல காலத் தொங்கப் போட்டுக்கிட்டு, யாரோ பிசைஞ்சு குடுக்கிறதத் தின்னுருப்பாங்க."

சரோஜா என்னைப் பார்த்தாள். "ஐயாவக் கேளுங்க. எல்லாத்துக்கும் டைரியில நாள் கிழமை வச்சிருப்பாரு. இதுக்கும் இருக்காங்கய்யா?"

"இருக்கு" என்றேன்.

நான் வேடிக்கை பேசுவது அபூர்வம் என்பதால் அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மிக்சர்த் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயம் அல்ல அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. இந்தச் சொல் தமிழ் பேசும் எல்லா ஊரிலும் இருக்கிறது. எங்கள் புதுக்கோட்டையிலிருந்துதான் எல்லா ஊருக்கும் போனது என்று நான் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டுகிறவர்கள் எங்கும் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் இது யாரைப் பற்றி, எந்த அறையில், யார் வாயிலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அந்த வாய்க்கு அதை எடுத்துக் கொடுத்தது என் பேனா.

நான் சமஸ்தானத்து உத்தியோகத்தில் சேர்ந்தபோது எனக்கு வயது இருபது. முதல் நான்கு வருஷம் தபால் பதிவு, நகல் எழுதுதல், கட்டு கட்டி முத்திரை வைத்தல். அதில் சொல்ல ஒன்றுமில்லை. கையெழுத்து நன்றாக இருந்ததால் குறிப்பு எழுதும் மேஜைக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு கடைசி வரை குறிப்பு எழுதுவதுதான் என் வேலை.

எங்கள் கச்சேரியில், அதாவது சமஸ்தான அலுவலகத்தில், பெரிய கூடம் ஒன்று இருந்தது. விசாரணை எல்லாம் அங்கேதான் நடக்கும். உத்தரத்திலிருந்து நீளமான மரச்சட்டம் தொங்கும். அதன் கீழ்விளிம்பில் இரண்டு முழ அகலத்துக்கு மடிப்பு வைத்த துணி. அதுதான் பங்கா. அதன் கயிறு சுவரின் மேற்பக்கத்து ஓட்டை வழியாக வெளித் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே ஒரு கப்பி. கப்பிக்குக் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து, அடைக்கலம் உட்கார்ந்திருப்பார்.

அடைக்கலம் ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர். நான் சேரும்போதே அவர் அங்கே இருந்தார். கயிற்றை இழுத்தால் பங்கா இந்தப் பக்கம் வரும். விட்டால் அதன் கனமே அதை அந்தப் பக்கம் கொண்டுபோகும். காலை பத்தரை முதல் மாலை ஐந்து வரை இழுக்க வேண்டும், விட வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு முக்கால் மணி. உள்ளே பேசுவதெல்லாம் கயிற்று ஓட்டை வழியாக அவருக்குக் கேட்கும். பாகப் பிரிவினை வழக்குக்காரர்கள் வெளியே வந்ததும் எங்களைக் கேட்க மாட்டார்கள், அவரைத்தான் கேட்பார்கள். "ஒங்க பக்கந்தான் காத்து அடிக்குது, போங்க" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

முதலில் அவர் கையால்தான் இழுத்தார். நான் குறிப்பு மேஜைக்கு வந்த சில வருஷங்களில் அவருடைய வலது தோள் கெட்டுப்போனது. சட்டை மாட்டுவதற்குக்கூட இடது கையால் வலது கையைத் தூக்கிக் கொடுப்பார். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு இடது கை. அதுவும் ஒரு கோடைக்கு மேல் தாங்கவில்லை. அதன்பின் கயிற்றின் நுனியில் வளையம் போட்டு, வலது கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். காலை நீட்டி மடக்குவார். கூடத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பங்கா அதே வேகத்தில் ஆடியது. மேலே இருந்தவர்கள் யாரும் அவர் எதனால் இழுக்கிறார் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. விரல் இடுக்கில் ஒரு பள்ளம் விழுந்து, சதை காய்ந்து கொம்பு மாதிரி ஆகியிருந்தது.

நாற்பத்தெட்டு மார்ச்சில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்து, நாங்கள் திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதி ஆனோம். ஊரில் கொடி, மிட்டாய், ஊர்வலம். கச்சேரிக்குள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: யாரை வைத்துக்கொள்வார்கள், யாரை வீட்டுக்கு அனுப்புவார்கள்? சித்திரை பிறந்ததும் படிவம் வந்தது. ஒவ்வொரு உத்தியோகத்துக்கும் ஒரு வரி, ஒரு வரிக்கு ஒன்பது கட்டம். ஏழாவது கட்டம், வேலையின் தன்மை. ஒன்பதாவது கட்டம், குறிப்புரை. எல்லாம் இங்கிலீஷில் எழுத வேண்டும். எழுதும் பொறுப்பு எனக்கு. பார்த்து அனுப்பும் பொறுப்பு சிரஸ்தாருக்கு.

சிரஸ்தார் கச்சேரியின் தலைமை எழுத்தர். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சேவகர்களைக்கூட "வாங்க, உக்காருங்க" என்றுதான் சொல்வார். மேஜையில் இரண்டு பென்சில், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இரண்டையும் தினமும் காலையில் பேனாக்கத்தியால் சீவி, சீவலைக் காலிப் பொடி டப்பாவில் போட்டு மூடுவார். நாம் எழுதியதைப் படிக்கும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். பிடித்திருந்தால் காகிதத்தைக் கவிழ்த்து வைப்பார்; அதுதான் பாராட்டு. பிடிக்காவிட்டால் சிவப்புப் பென்சில். எந்த பாஷையில் எழுதினாலும் 'ஆனால்' என்ற சொல்லை அவர் விட்டுவைத்ததில்லை. "ஆனால்னு ஒண்ணு வந்தாலே அனுப்பினவன் சந்தேகப்படுறான்னு அர்த்தங்க. நமக்கு எதுக்கு சந்தேகம்?" என்பார்.

அடைக்கலத்தின் வரிக்கு வந்தபோது நான் எழுந்து போய் அவரைக் கேட்டேன்.

"தோள் போயி காலாலதான் இழுக்கிறாருங்க. அத எழுதணுமா?"

"கை போச்சுன்னு எழுதுனா 'அன்ஃபிட்', லாயக்கில்லன்னு சொல்லி அன்னைக்கே அனுப்பிருவாங்க. அவருக்கு நல்லது பண்றதா நெனச்சு கெடுத்துறாதீங்க. நாம வைத்தியருங்க இல்ல. கண்ணால பாத்தத எழுதுங்க."

இது நியாயமாகவே பட்டது. இப்போதும் அதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்பதாவது கட்டத்தைக் காலியாக விட்டேன். ஏழாவது கட்டத்தில் கண்ணால் பார்த்ததை எழுதினேன்.

பழைய பதிவேட்டில் அந்த வேலைக்கு இரண்டே சொல் இருந்தது: பங்கா இழுத்தல். அதை அப்படியே இறக்கியிருக்கலாம். மற்றக் கச்சேரிகளில் அப்படித்தான் இறக்கினார்கள் என்று பின்னால் தெரிந்தது. எனக்கு அது போதவில்லை. படிவம் மேலே போகும். யார் எழுதியது என்று பார்ப்பார்கள். என் உத்தியோகமும் அதே படிவத்தில் பதினோராவது வரியில் இருந்தது. இவன் ஒன்றையும் விடாமல் எழுதுகிறவன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். ஆகவே எழுதினேன்: 'தாழ்வாரத்தில் உட்கார்ந்து, வலது காலில் கயிற்றை மாட்டி, அந்தக் காலை ஆட்டுவதன் மூலம், விசாரணை நடக்கும் நேரம் முழுவதும் பங்காவை இயக்குகிறார்.' இங்கிலீஷில் நன்றாகவே வந்திருந்தது.

சிரஸ்தார் படித்தார். காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். அன்றைய டைரியில் அதை எழுதியிருக்கிறேன், சந்தோஷத்தோடு.

ஆனி மாதம், ஒரு புதன்கிழமை, படிவத்தைச் சரிபார்க்க வெளியூரிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம். கூடத்தில் நடு நாற்காலியில் அவர், பக்கத்தில் சிரஸ்தார், மேஜை ஓரத்தில் படிவக்கட்டோடு நான், சுவர் ஓரமாக எல்லாச் சிப்பந்திகளும். நல்ல வெயில். பங்கா ஆடிக்கொண்டிருந்தது. அதிகாரி ஒவ்வொரு வரியாகப் படித்து, ஆளைக் கூப்பிட்டு, இரண்டு கேள்வி கேட்டு, ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தார். என் வரியில் கோடு நல்ல விதமாகவே விழுந்தது. பிறகு கடைநிலை வரிகள். திடீரென்று நிறுத்தினார். இங்கிலீஷில் மனசுக்குள் படித்தார். இன்னொரு தரம் படித்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாருய்யா இது? உக்காந்து காலை ஆட்டுறதுக்குச் சம்பளமா?" என்றார். கூடத்துக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். "நாமெல்லாம் வேகாத வெயில்ல சுத்துறோம். இங்க ஒருத்தன் இத்தன வருஷமா காலாட்டிக்கிட்டுச் சாப்பிட்டிருக்கான்யா!"

கூடமே சிரித்தது. வேலை போய்விடுமோ என்று பயந்து நிற்கிறவர்கள் அதிகாரி சிரித்தால் எப்படிச் சிரிப்பார்களோ அப்படிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை நான் டைரியில் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

பங்கா நின்றது.

கொஞ்ச நேரம்தான். அதிகாரி கழுத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார். "என்ன, கால் வலிக்குதாமா?" என்றார். மறுபடி சிரிப்பு. சிரஸ்தார் எழுந்து, சுவர் ஓட்டையைப் பார்த்து, எப்போதும் போல மரியாதையாகச் சொன்னார்: "அடைக்கலம், ஆட்டுங்க."

பங்கா மறுபடி ஆடியது. அந்தக் காற்றில்தான் அதிகாரி தம் குறிப்பை எழுதி முடித்தார். அடைக்கலத்தை அவர் உள்ளே கூப்பிடவே இல்லை.

அன்று சாயங்காலமே அந்தச் சொல் வெளியே போய்விட்டது. ஒரு வாரத்தில் கீழ ராஜ வீதி டீக்கடையில் கேட்டேன். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று ஒருவர் கேட்க, "கச்சேரி அடைக்கலம் கணக்கா காலாட்டிக்கிட்டு சாப்பிடுறாரு" என்றார் மற்றவர். நாள் போகப் போக அடைக்கலம் என்ற பெயர் அதிலிருந்து உதிர்ந்துவிட்டது. மீதிதான் இன்றைக்கும் எல்லோர் வாயிலும் இருக்கிறது.

ஆவணியில் உத்தரவு வந்தது. எங்கள் சேவகர்கள் ஐந்து பேரையும் எடுத்துக்கொண்டார்கள். என்னை எடுத்துக்கொண்டார்கள். அடைக்கலத்தின் வரிக்கு எதிரே 'தேவையில்லை' என்று இருந்தது. 'பங்கா இழுத்தல்' என்று இரண்டு சொல்லில் எழுதிய வேறு இரண்டு கச்சேரிகளில், இழுத்தவர்களைச் சேவகர்களாக மாற்றி வைத்துக்கொண்டார்கள். அதை நானே கெஜட்டில் பார்த்தேன்.

அடைக்கலம் மனு எழுதுகிறவரைப் பிடித்து ஒரு மனுப் போட்டார். தோள் கெட்டது கச்சேரி வேலையால்தான், கால் வேலையும் சும்மா வேலை அல்ல, சேவகராகவாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. மனு மேலே போய், ஒரு கேள்வியோடு எங்களுக்கே திரும்பி வந்தது: 'ஏழாவது கட்டத்தில் சொல்லியிருப்பது சரிதானா?'

பதில் எழுத வேண்டியவன் நான். வரைவுத் தாளில் எழுதினேன்: 'சரி. ஆனால் மேற்படியாரின் இரு கைகளும் இதே வேலையில் இழுக்க முடியாமல் போன பிறகே காலால் இயக்கத் தொடங்கினார். சாப்பாட்டு நேரம் போக, தினமும் ஐந்தே முக்கால் மணி நேரம் இயக்குகிறார்.'

சிரஸ்தார் என்னை உட்காரச் சொன்னார். படித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்து, 'ஆனால்' என்பதிலிருந்து கடைசி வரை ஒரே கோடாக அடித்தார்.

"கேட்டது சரியா இல்லையான்னு. சரின்னா சரி. இப்ப ஆனால்னு எழுதுனா, முதல்ல ஏன் எழுதலைன்னு ஒங்களக் கேப்பாங்க. ஒங்களுக்கு இப்பத்தான் உறுதியாயிருக்கு. கொழந்தை குட்டி இருக்குல்ல?"

"இருக்குங்க."

"சுத்தப் பிரதி எழுதிக் கொண்டாங்க."

எழுதினேன். ஒரே சொல். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று முன்பே சொன்னேன்.

மனு தள்ளுபடியான தகவலைக் கொடுப்பதற்காக அடைக்கலத்தை வரச் சொல்லியிருந்தோம். கைநாட்டு வைக்க என் மேஜைக்குத்தான் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, என்னையப் பத்தி நீங்க எழுதுனத ஒரு தரம் வாசிச்சுக் காட்டுங்க."

காட்டக் கூடாது என்பது விதி. வாசித்தேன், தமிழில் சொல்லி. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், ஓட்டை வழியாக வழக்குக் கேட்கிறவர் மாதிரி.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றார். "ஒரு பொய் இல்ல. தோளப் பத்தி ஒண்ணும் இல்லையேய்யா?"

"அதுக்கு இடமில்ல அடைக்கலம்" என்றேன்.

படிவத்தின் கச்சேரிப் பிரதி விரித்தபடியே மேஜையில் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து இருக்கிற கட்டம் எது, வெறும் கட்டம் எது என்று பார்க்கப் படிப்பு வேண்டாம். ஒன்பதாவது கட்டத்தை அவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி மேஜையில் வைத்து, பெருவிரலை மையில் தொட்டுப் பதித்தார்.

"வாரேங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு கோடை கழித்து கூடத்தில் மின்விசிறி மாட்டினார்கள். கயிற்று ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தார்கள். சிரஸ்தார் கௌரவமாக ஓய்வு பெற்றார். வழியனுப்பும்போது நான்தான் வாழ்த்துரை எழுதினேன். அதில் 'ஆனால்' எங்கும் இல்லை.

அடைக்கலத்தை அதன்பின் ஒரே ஒரு தரம் பார்த்தேன். ஐம்பத்து மூன்றோ நான்கோ. டைரியைப் பார்த்தால் தெரியும், பார்க்க மனசில்லை. முகாம் வேலையாக அன்னவாசல் போயிருந்தேன். சந்தை நாள். சந்தைக்கு வெளியே புளியமரத்தடியில் மாட்டு வண்டிகளை அவிழ்த்து விட்டிருந்தார்கள். வண்டிகளுக்குக் காவலாக ஒருவர் நின்றார். மெலிந்து போயிருந்தாலும் தோளை வைத்தே அடையாளம் தெரிந்தது.

"ஐயாவா! இங்கிட்டு எங்க?" என்று அவரே கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உச்சி வெயில். மரத்தடி வேரில் நான் உட்கார்ந்தேன். "நீங்களும் உக்காருங்களேன், அடைக்கலம்."

"இல்லைங்க. நிக்கிறேன்."

"காலையிலேர்ந்து நிக்கிறீங்களா?"

பக்கத்தில் சக்கரத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்த வண்டிக்காரர் சிரித்தார். "அவரு உக்கார மாட்டாருங்க. உக்காந்தா ஆட்டம் ஆரம்பிச்சிரும். யோவ், அய்யாவுக்குத்தான் ஒரு தரம் காட்டேன்யா!"

அடைக்கலம் அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உக்காந்தா வலது காலு தானா ஆடுதுங்க. கயிறு இல்லாமலேயே. புடிச்சாலும் நிக்க மாட்டேங்குது. கோயில்ல பூசைக்கு உக்காந்தா பொம்பளைங்க திரும்பிப் பாக்குறாங்க. 'காலாட்டி'ன்னு ஆவூர் வரைக்கும் பேரு போயிருச்சு. அதான் நின்னுக்கிறது. சோறு திங்கிறப்பவும் நின்னுக்கிட்டுத்தான்."

நான் வேரிலிருந்து எழுந்து நின்றுகொண்டேன்.

பிறகு அவர் இறந்த செய்தி வந்தது, மூன்றாம் மனிதர் மூலம், ஒரு வருஷம் தாமதமாக. அதற்கு என் மேஜையில் படிவம் எதுவும் வரவில்லை.

குணசேகரனுக்கும் சரோஜாவுக்கும் இதுதான் என் பதில். இன்னும் ஒன்று மட்டும் இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் நான் எழுதிய குறிப்புகளில், சரிபார்க்காமல் எழுதியது ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்று உண்டு. 'அந்தக் காலை ஆட்டுவதன் மூலம்' என்று எழுதினேனே, அப்படி ஆட்டினால் என்ன ஆகும் என்று நான் பார்த்ததில்லை.

நேற்றுக் காலை வீட்டில் யாரும் இல்லை. நீங்கள் கொடுத்த சாய்வு நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போட்டேன். கிணற்றுக் கப்பியைக் கழற்றி வந்து ஜன்னல் கம்பியின் மேல்பக்கத்தில் கட்டினேன். பங்காவின் கனம் எனக்குத் தெரியாது. அரிசி மூட்டையிலிருந்து அளந்து ஒரு பையில் போட்டுத் தொங்கவிட்டேன்; நிஜக் கனத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கயிற்றில் வளையம் போட்டு வலது கால் விரலிடுக்கில் மாட்டினேன். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தரை ஆகும் வரை காத்திருந்து ஆரம்பித்தேன்.

நேற்றைய டைரியில் ஒரே வரிதான் இருக்கிறது: 'காலை ஆட்டினேன். ஒன்பது நிமிஷம்.'